இரண்டாவது வட்டும் கெடுகிறது, மூன்றாவதை வாங்கலாமா?

நிகழ்ச்சிகளுக்குப் புகைப்படம் எடுத்துத் தருவதைத் தொழிலாகக் கொண்ட வாசகி ஒருவர், எட்டு மாதங்களாகத் தம்மை அலைக்கழிக்கும் ஒரு சிக்கலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மெமரி கார்டிலிருந்து எடுக்கும் படங்களை ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துவந்திருக்கிறார். ஒரு நாள் 'கோப்பு சிதைந்துள்ளது, படிக்க இயலாது' என்ற செய்தி வந்தது. வட்டைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை ஓட்டினார், சரியானது போலிருந்தது, இரண்டே வாரத்தில் அதே செய்தி மறுபடி வந்தது. அதன் பிறகு நான்கு முறை ஃபார்மேட் செய்தும் பயனில்லை. வட்டுதான் பழுது என்று முடிவு செய்து மூன்று மாதங்களுக்கு முன் இன்னொன்று வாங்கி, அன்றுமுதல் ஒவ்வொரு நிகழ்ச்சியின் படங்களையும் கார்டிலிருந்து இரண்டு வட்டுகளுக்கும் தனித்தனியே நகலெடுத்துவருகிறார். இப்போது புதிய வட்டிலும் படங்கள் கெடுகின்றன. சில படங்களின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக இருக்கிறது. வேறு சிலவற்றில் ஏதோ ஒரு வரியிலிருந்து கீழே முழுவதும் நிறம் ஊதாவாகவோ பச்சையாகவோ மாறி, காட்சி பக்கவாட்டில் நகர்ந்து கிடக்கிறது. நகலெடுக்கும்போது சில நேரங்களில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு, வட்டு திரையிலிருந்து மறைந்து மீண்டும் வருகிறது.

இது வைரஸ் வேலையா, எந்த வகை வட்டை வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது, பழையதை உத்தரவாதத்தில் திருப்பித் தரலாமா, இரண்டு வட்டிலும் கெட்டுப்போன படங்கள் போனவைதானா என்பவை அவருடைய கேள்விகள். வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும், விண்டோஸின் நிகழ்வுப் பதிவையும், கெட்டுப்போன ஒரே படத்தின் இரண்டு பிரதிகளையும் இணைத்திருந்தார். இவ்வளவு கவனமாகச் சான்றுகளைச் சேர்த்து அனுப்புகிறவர்கள் குறைவு. அந்த இணைப்புகள் இல்லாவிட்டால் நானும் 'கேபிளை மாற்றிப் பாருங்கள்' என்று ஒரு வரியில் முடித்திருக்கக்கூடும்.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றாவது வட்டை இன்று வாங்க வேண்டாம். பிறகு ஒன்று தேவைப்படும். ஆனால் சிக்கலைத் தீர்ப்பதற்காக அல்ல. வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு வட்டுகள் ஒரே விதமாகக் கெடுகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கணினி, அதன் தற்காலிக நினைவகமான ரேம், யூஎஸ்பி முனை, ஒரு முனையைப் பலவாகப் பிரித்துத் தர நடுவில் இருக்கும் ஹப், நீங்கள் வட்டைக் கழற்றும் பழக்கம் ஆகிய ஐந்தும் இரண்டு வட்டுகளுக்கும் பொது. இவற்றில் ஒன்று மட்டுமே குற்றவாளி என்று நானும் முதலில் நினைத்தேன். நீங்கள் அனுப்பியவற்றைப் பார்த்த பிறகு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் உங்களை வாட்டுகின்றன என்றே கருதுகிறேன். எட்டு மாதமாகப் பிடி கிடைக்காமல் போனதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்: ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று மிச்சமிருக்கும், செய்த சிகிச்சை பலிக்கவில்லை என்று தோன்றிவிடும்.

வட்டு தரும் சாட்சியம்

உங்கள் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேராகப் பூஜ்யம் இருக்கிறது. பழுதான பகுதிக்கு மாற்றாக ஒதுக்கப்பட்டவை, படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை, திருத்த முடியாதவை என்று இந்த மூன்றும் வட்டின் மேற்பரப்பைப் பற்றிப் பேசுகின்றன. நிகழ்வுப் பதிவிலும் 'பழுதான பகுதி' என்பதைக் குறிக்கும் 7ஆம் எண் ஒருமுறைகூட இல்லை. ஆகவே தட்டின் மேற்பரப்பு தேய்ந்துவிட்டது என்ற உங்கள் அனுமானத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் 199ஆம் எண்ணும் பூஜ்யமாக இருப்பதால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏற்க மாட்டேன். அந்த எண் பெட்டிக்குள் இருக்கும் வட்டுக்கும், அதை யூஎஸ்பியாக மாற்றித் தரும் சிறிய மின்பலகைக்கும் இடையே நடக்கும் பிழைகளை மட்டுமே எண்ணுகிறது. பெட்டிக்கு வெளியே உங்கள் கண்ணுக்குத் தெரியும் கேபிளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வைரஸ் என்ற ஐயத்தையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வகையாக இருந்தால் கோப்பு முழுவதும் திறக்காமல் போகும், பெரும்பாலும் பெயரும் மாறியிருக்கும். படத்தின் மேற்பகுதியை அழகாக விட்டுவிட்டுக் கீழே ஊதா பூசுவதில் எந்த வைரஸுக்கும் ஆதாயம் இல்லை.

ஒரு படம், இரண்டு பிரதிகள்

உங்கள் இணைப்புகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த இரண்டு பிரதிகள்தான். பெயரும் அளவும் தேதியும் ஒன்றே; இரண்டும் நிறம் மாறிய வகை; ஆனால் ஒன்றில் படத்தின் நடுவிலும் மற்றொன்றில் கீழ்க்கால் பகுதியிலும் நிறம் மாறத் தொடங்குகிறது. விண்டோஸுடன் வரும் எஃப்சி என்ற பழைய ஒப்பீட்டுக் கட்டளையைக் கொண்டு இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். பல லட்சம் பைட்டுகளில் இரண்டே இரண்டு இடங்கள்தான் வேறுபட்டன. பதினாறு அடிமான எண்களில் சொன்னால், முதல் இடத்தில் பழைய வட்டின் பிரதியில் 65, புதியதில் 45. இரண்டாவது இடத்தில் பழையதில் 12, புதியதில் 32.

இவற்றை இரும எண்களாக எழுதிப் பாருங்கள். 65 என்பது 01100101. 45 என்பது 01000101. இடமிருந்து மூன்றாவது இலக்கம், அதாவது ஒரே ஒரு பிட், மட்டும் 1லிருந்து 0 ஆகியிருக்கிறது. 32 என்பது 00110010. 12 என்பது 00010010. இங்கேயும் அதே மூன்றாவது இலக்கம்தான். ஹார்ட் டிஸ்க் இப்படிப் பிழை செய்வதில்லை. அது 512 அல்லது 4096 பைட் கொண்ட பகுதிகளாகவே தரவை எழுதிப் படிக்கிறது. ஒவ்வொரு பகுதியோடும் பிழைதிருத்தக் குறியீட்டையும் சேர்த்தே எழுதுகிறது. ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் படிக்க முடியவில்லை என்று கைவிரிக்கும். ஒரு பிட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல் இருப்பது அதற்கு மிக அரிது. யூஎஸ்பி வழியே செல்லும் தரவுப் பொட்டலங்களுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு; கேபிள் மோசமாக இருந்தால் பொட்டலம் மறுபடி அனுப்பப்படும், அல்லது இணைப்பே அறுந்துபோகும்.

கார்டிலிருந்து வட்டுக்குப் போகும் வழியில் அப்படிக் காவல் இல்லாத இடம் ரேம். சாதாரண மேசைக் கணினிகளில் பெரும்பாலும் பிழைதிருத்தம் இல்லாத ரேம்தான் இருக்கிறது. நீங்கள் நகலெடுக்கும் ஒவ்வொரு பைட்டும் அதன் வழியாகத்தான் சென்றாக வேண்டும். உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, 'படங்களைத் திருத்த வேகம் போதவில்லை என்று ஒன்பது மாதங்களுக்கு முன் ரேம் கூட்டினேன்' என்று ஒரு வரி இருக்கிறது. சிக்கல் தொடங்கி எட்டு மாதம். நான் அந்த வரியில்தான் நின்றேன். ஒரு பிட் மாறியதற்கா படம் பாதி பாழாகும் என்று நீங்கள் கேட்கலாம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் ஒளியும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது என்ற வித்தியாசமாகவே எழுதப்படுகின்றன. குறியீடுகளின் நீளமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஓரிடத்தில் தடம் புரண்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் பெரும்பாலும் தவறாகவே வாசிக்கப்படும். நிறம் மாறுவதும் காட்சி நகர்வதும் அதனால்தான்.

இரண்டு வட்டிலும் கெட்டுவிட்டதால் படம் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். போகவில்லை. நீங்கள் கார்டிலிருந்து தனித்தனியே நகலெடுத்ததால் இரண்டு பிரதிகளும் வெவ்வேறு இடத்தில் கெட்டிருக்கின்றன. 1 என்பது 0 ஆகிறது என்பதே கோளாறின் இயல்பு என்று கொண்டு, முதல் இடத்தில் 65ஐயும் இரண்டாவது இடத்தில் 32ஐயும் வைத்து ஒரு மூன்றாவது கோப்பை உருவாக்கினேன். படம் முழுமையாகத் திறந்தது. பின்வரிசையில் கையசைத்துக்கொண்டிருக்கும் சிறுமி வரைக்கும் தெளிவாக இருக்கிறாள். அந்தக் கோப்பை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சாம்பல் நிறப் படங்களின் கதை வேறு

கீழ்ப்பாதி சாம்பலான படங்களை ரேம் கெடுக்கவில்லை. அந்தக் கோப்புகளில் பாதிக்குப் பிறகு தரவே இல்லை. எழுதி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்திருக்கிறது. நிகழ்வுப் பதிவில் 157 ஒன்பது முறை இருக்கிறது. வட்டு எதிர்பாராமல் அகற்றப்பட்டது என்பது அதன் பொருள். நீங்களோ நகலெடுக்கும் நடுவில் ஒருபோதும் கழற்றியதில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். கழற்றியது உங்கள் ஹப். தனி மின்னிணைப்பு இல்லாத அந்த ஹப்பில் வட்டோடு கார்டு ரீடரும் வேறு இரண்டு கருவிகளும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். யூஎஸ்பி 2.0 முனை ஒன்று தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 முனைக்கு 900. சுழலும் வட்டு ஒன்று நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது, சில விநாடிகளுக்கு ஏறத்தாழ ஒரு ஆம்பியர்கூடக் கேட்கலாம். முனை தரும் மின்னோட்டத்தை நான்கு கருவிகள் பங்கிட்டுக்கொண்டால் வட்டுக்கு மூச்சு முட்டும். நீங்கள் கேட்கும் 'டிக்' சத்தம் மின்சாரம் போதாமல், தரவைப் படித்து எழுதும் அதன் தலைப்பகுதி பின்வாங்கும் சத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹப்பை அகற்றிவிட்டு, கணினியின் பின்புறம் தாய்ப்பலகையிலேயே இருக்கும் முனையில், வட்டோடு வந்த குட்டைக் கேபிளால் நேரடியாக இணையுங்கள். அதன் பிறகும் சத்தம் கேட்டால் என் கணிப்பு தவறு. அப்போது வட்டை மேலும் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

இதோடு இரண்டு பழக்கங்களையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து 'விரைவாக அகற்றுதல்' இயல்புநிலையாகிவிட்டது, அதனால் பாதுகாப்பாக அகற்றும் பொத்தான் தேவையில்லை என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி உண்மை. ஆனால் வேகத்துக்காக 'சிறந்த செயல்திறன்' என்ற தெரிவுக்கு மாற்றிவைத்திருப்பதாகவும் நீங்களே சொல்கிறீர்கள். அப்படி மாற்றியதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. நகலெடுப்பு முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் சிறிது தரவு ரேமில் காத்திருக்கும். விரைவாக அகற்றும் நிலையிலேயே இருந்தாலும், பின்னணியில் வேறு ஏதாவது ஒரு மென்பொருள் வட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம் என்பதால் அந்தப் பொத்தானை அழுத்தும் பழக்கத்தை நான் விடச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது பழக்கம் பலருக்குத் தெரியாத ஆபத்து. வட்டை இணைத்தபடியே கணினியை ஹைபர்நேட் செய்துவிட்டு (திறந்திருப்பவற்றை அப்படியே சேமித்துக்கொண்டு அணையும் நிலை), வட்டை மட்டும் கழற்றி மடிக்கணினியில் போட்டுச் சில கோப்புகளைச் சேர்த்து, மறுநாள் மேசைக் கணினியில் திரும்பச் செருகி எழுப்புகிறீர்கள். மேசைக் கணினியின் நினைவிலோ வட்டின் முந்தைய நாள் கணக்குதான் இருக்கிறது. நடுவில் நடந்தது தெரியாமல் அந்தப் பழைய கணக்கை வைத்து அது எழுதத் தொடங்கினால், புதிய கோப்புகள் இருக்கும் இடத்தைக் காலி என்று நினைத்து மேலெழுதிவிட முடியும். உங்கள் பழைய வட்டில் கோப்பு முறைமை சிதைந்ததைச் சொல்லும் 55ஆம் எண் பதிவு வந்த மூன்று நாட்களுமே இப்படி எழுப்பிய காலைப்பொழுதுகள் என்பதை உங்கள் குறிப்பிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாறினால் இவை எதுவும் நடக்காதா என்று கேட்டிருந்தீர்கள். புதிய வட்டில் இருக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு கிடையாது. ஆகவே இணைப்பு திடீரென அறுந்தால் என்டிஎஃப்எஸ் மேல்தான். ஆனால் என்டிஎஃப்எஸின் பதிவேடு கோப்புகளின் பட்டியலையும் கணக்கையும்தான் காக்கிறதே தவிர, படத்துக்குள் இருக்கும் தரவை அல்ல.

இப்போது செய்யக்கூடாதவை, செய்ய வேண்டியவை

முதலில், இரண்டு வட்டிலும் எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். ஃபார்மேட்டும் வேண்டாம், செக்டிஸ்க்கும் வேண்டாம். செக்டிஸ்க் பாதுகாப்பான சோதனை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எந்தக் குறியும் சேர்க்காமல் ஓட்டினால் அது பார்த்துச் சொல்வதோடு சரி. திருத்தவும் சொல்லும் எஃப், ஆர் குறிகளைச் சேர்த்தால் கணக்கு ஒழுங்காக வரும்படி பட்டியலை வெட்டி ஒட்டும். எந்தக் கோப்பைச் சேர்ந்தவை என்று தெரியாத துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற கோப்புறையில் கொட்டும். நீங்கள் பார்த்த அந்தப் புரியாத கோப்புகள் அவைதான், அவற்றையும் அழிக்காதீர்கள். ரேம் சந்தேகத்துக்கு உரியதாக இருக்கும்போது அதை ஓட்டுவது இன்னும் மோசம். நல்ல பட்டியலைத் தவறாகப் படித்து, அந்தத் தவறான வாசிப்பை நம்பித் திருத்தி எழுதிவிடும். கேமரா கார்டுகளில் இன்னும் அழிக்காதவை இருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவையுங்கள். இப்போதைக்கு உங்களிடம் இருப்பவற்றில் நம்பத்தக்க மூலம் அவைதான்.

அடுத்து ரேம் சோதனை. மெம்டெஸ்ட்86 போன்ற கருவியை ஒரு பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் நேரடியாக அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிழை ஒன்று வந்தாலும் அந்த ரேமை நம்பக்கூடாது. 'ஒன்றுதானே' என்று விடும் இடம் இதுவல்ல. பிழை வந்தால் ரேம் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே வைத்துச் சோதியுங்கள். தனித்தனியே தேறி, சேர்த்தால் மட்டும் பிழை வந்தால், வெவ்வேறு வேகத் தட்டுகள் ஒத்துப்போகவில்லை என்று பொருள் கொள்ளலாம். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அவற்றின் வேகத்தை இயல்புநிலைக்குக் குறைத்துப் பாருங்கள். நானே முன்பொரு முறை, இதே போன்ற கோளாறில் இரண்டு வாரங்கள் கேபிள்களை மாற்றிக்கொண்டிருந்துவிட்டுத்தான் ரேமுக்கு வந்தேன். ஆகவே உங்கள் எட்டு மாதத்தைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை.

பிறகு, ரேம் தேறிய வேறொரு கணினியில் இரண்டு வட்டுகளையும் ஒவ்வொன்றாக இணைத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். ரேம் எழுதும்போது மட்டுமல்ல, படிக்கும்போதும் கெடுக்கும். ஆகவே கெட்டதாக நீங்கள் பட்டியலிட்ட படங்களில் சில அங்கே ஒரு குறையும் இல்லாமல் திறக்கக்கூடும். மூன்றாவது வட்டு தேவைப்படுவது இப்போதுதான்: இரண்டிலும் உள்ளவற்றை அதில் வெவ்வேறு கோப்புறைகளில் நகலெடுத்து, ஒப்பீடு முழுவதையும் அந்த நகல்களில் மட்டும் செய்யுங்கள். இரண்டு பிரதியும் பைட்டுக்குப் பைட் ஒத்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வேறுபட்டால், ஒன்று நன்றாக இருக்கலாம். இரண்டும் கெட்டிருந்தாலும் மேலே சொன்னபடி சேர்க்க வழியுண்டு. சாம்பல் நிறமானவற்றில் இல்லாத தரவை யாராலும் உருவாக்க முடியாது. அவற்றுக்கு மற்ற வட்டின் பிரதியோ கார்டோதான் கதி. கார்டை அழித்திருந்தாலும் அதன்மேல் புதிய படங்கள் எடுக்கப்படாமல் இருந்தால், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள் பலவற்றை எடுத்துத் தரும்.

உத்தரவாதமும் பிறருடைய படங்களும்

பழைய வட்டைத் திருப்பித் தரும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அதன் அளவீடுகள் நன்றாக இருக்கும்போது, சோதித்துவிட்டு 'குறையில்லை' என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். வட்டுகளுக்கான உத்தரவாதம் பொதுவாகக் கருவிக்குத்தான். உள்ளே இருக்கும் படங்களுக்கு அல்ல. மாற்று வட்டு வரும், பழையது உங்களிடம் திரும்பாது. அதில் இருப்பவை உங்கள் சொந்தப் படங்கள் மட்டுமல்ல, உங்களை நம்பி வீட்டுக்குள் அனுமதித்தவர்களின் படங்கள். ஃபார்மேட் செய்துவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். விரைவு ஃபார்மேட்டுக்குப் பின்னும் பெரும்பகுதி மீட்கக்கூடியதாகவே இருக்கும். மீட்பு நிலையத்துக்குக் கொடுப்பதானாலும், யார் கையாளுவார்கள், நகல் எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாறாக, உங்கள் ரேம் தட்டின் உத்தரவாதச் சீட்டைத் தேடி எடுங்கள். பல தயாரிப்பாளர்கள் ரேமுக்கு நீண்ட காலம் உத்தரவாதம் தருகிறார்கள்; சோதனைத் திரையின் புகைப்படம் அங்கே சான்றாகும்.

பெட்டியைப் பிரித்து வட்டை நேரடியாகக் கணினியில் இணைத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். செய்யாதீர்கள். உத்தரவாதம் போய்விடும் என்பது ஒருபுறம். சில பெட்டிகளில் அந்த மின்பலகையே, நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும், தரவைக் குறியாக்கம் செய்துதான் எழுதுகிறது. பலகையை நீக்கினால் வட்டு வெறும் இரைச்சலாகத் தெரியும்.

இனி நகலெடுக்கும்போது ஒரு சிறு மாற்றம் போதும். கார்டில் இருக்கும் கோப்புகளுக்கு எஸ்எச்ஏ-256 கையொப்பங்களை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்களை) முதலில் எடுத்துவைத்து, நகலெடுத்து, வட்டைப் பாதுகாப்பாக அகற்றி, மறுபடி செருகிய பிறகு வட்டில் இருப்பவற்றின் கையொப்பங்களை ஒப்பிடுங்கள். அகற்றிச் செருகாமல் உடனே ஒப்பிட்டால், ரேமில் மிச்சமிருக்கும் நகலையே விண்டோஸ் காட்டி எல்லாம் சரி என்று சொல்லிவிடும். இரண்டும் ஒத்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். ஒரே கணினி வழியாகப் போகும் இரண்டு பிரதிகள் அந்தக் கணினியின் நோயையும் பகிர்ந்துகொள்கின்றன என்பதை இப்போது பார்த்துவிட்டீர்கள். முடிந்தால் இரண்டாவது பிரதியை மடிக்கணினி வழியாக எடுங்கள்.

மெம்டெஸ்ட் முடிவை எனக்கு எழுதுங்கள். ஒரு பிழைகூட இல்லாமல் இரவு முழுவதும் தேறிவிட்டால் அடுத்த சந்தேகம் கார்டு ரீடர்தான். இரண்டு வட்டுக்கும் பொதுவான பட்டியலில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். அதை மாற்றிவிட்டு, அதே கார்டை மூன்று முறை நகலெடுத்து, மூன்றின் கையொப்பங்களையும் அனுப்பிவையுங்கள்.